ஆற்றைப் பற்றி மீனின் ஈரல் சொல்வது

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிளாக் ரிவர் என்று ஒரு ஆறு. பெரிய ஆறு இல்லை. லொரெய்ன் என்ற ஊரைக் கடந்து ஈரி ஏரியில் போய்க் கலக்கிறது. அதன் கரையில் இரும்பாலை இருந்தது. அதற்குத் தேவையான கற்கரியை நிலக்கரியிலிருந்து சுட்டெடுக்கும் ஆலையும் கூடவே இருந்தது. நிலக்கரியைக் காற்றுப்படாமல் சுடும்போது தார் போன்ற பிசுபிசுப்பான கழிவு வரும். அது பல பத்தாண்டுகளாக ஆற்றுக்குள் போய் அடிச்சேற்றில் படிந்து கிடந்தது.

அந்தச் சேற்றில் வாழ்வது பழுப்பு புல்ஹெட் என்ற மீன். நம்மூர்க் கெளுத்திக்குத் தூரத்து உறவு. செதில் கிடையாது, வாயைச் சுற்றி மீசை, அடித்தரையைக் கிளறித்தான் சாப்பாடு. 1980-களின் தொடக்கத்தில் அங்கே பிடிபட்ட புல்ஹெட்கள் பலவற்றின் உதட்டில் புடைப்புகள் இருந்தன. சிலவற்றுக்கு மீசை கட்டையாகிப் போயிருந்தது. இதெல்லாம் வெளியில் தெரிந்தது. பால் பாமன், ஜான் ஹார்ஷ்பார்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 3 வயதும் அதற்கு மேலும் ஆன மீன்களின் ஈரலைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். 1982-இல் பிடித்த மீன்களில் 100-க்கு ஏறக்குறைய 39-க்கு ஈரலில் புற்றுநோய்.

1983-இல் கற்கரி ஆலை மூடப்பட்டது. ஆற்றைக் காப்பாற்ற யாரும் அதை மூடவில்லை. இரும்புத் தொழில் நொடித்த காலம் அது. 1987-இல் அதே இடத்தில் திரும்பவும் மீன் பிடித்துப் பார்த்தார்கள். புற்று 100-க்கு 10 ஆகக் குறைந்திருந்தது. அதோடு, எந்தக் கோளாறும் இல்லாத ஈரல்களின் பங்கு இரண்டு மடங்காகியிருந்தது.

ஆறு தேறிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி அந்த ஈரல்களில் இருந்தது. இந்தக் கதை இங்கே முடியவில்லை, மிச்சத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், மீனின் உடம்பிலிருந்து இப்படி ஒரு செய்தியை எப்படி வாசிக்கிறார்கள், அதை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்துவிடலாம்.

ஆற்று நீர் கெட்டிருக்கிறதா என்று அறிய வழக்கமான வழி, தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. தேவையான வேலைதான். ஆனால் பாட்டிலுக்குள் இருப்பது அந்த நிமிடத்துத் தண்ணீர். ராத்திரி இரண்டு மணிக்குத் திறந்துவிட்ட கழிவு, காலையில் பாட்டில் வருவதற்குள் பல கிலோமீட்டர் கீழே போயிருக்கும். மழை பெய்த மறுநாள் எடுத்தால் எல்லாமே நீர்த்துப் போயிருக்கும். இன்னொரு சிக்கல், எதைத் தேடுகிறோமோ அதுதான் கிடைக்கும். காட்மியத்தைச் சோதித்தால் காட்மியத்தின் அளவு வரும். பக்கத்திலேயே கரைந்திருக்கும் பூச்சிமருந்தைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு வரி இருக்காது. நான்கு நஞ்சுகள் தனித்தனியாக அனுமதித்த அளவுக்குள் இருந்து, சேர்ந்தால் என்ன செய்யும் என்பதையும் அது சொல்லாது.

மீன் அங்கேயே கிடக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கும் அந்தத் தண்ணீரைத்தான் அது மூச்சு விடுகிறது.

நஞ்சு உடம்பில் ஏறியதும் முதலில் மாறுவது செல்களுக்குள் நடக்கும் வேதிவினைகள். சில மணி நேரத்தில் மாறி, சில நாளில் பழைய நிலைக்கே வந்தும் விடும். கடைசியில் மாறுவது மீன்களின் எண்ணிக்கை. ஆற்றில் மீன் குறைந்துவிட்டது என்று வலை போடுகிறவர் சொல்லும்போது காரியம் கைமீறியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது திசு. நாள்பட்ட பாதிப்பு அங்கே தங்கும், மீன் சாவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும். இந்த முறைக்கு உள்ள பெரிய மதிப்பே அதுதான்.

செய்முறை நமக்குத் தெரிந்ததுதான், பயாப்சி. கட்டி என்று டாக்டரிடம் போனால் ஒரு துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்களே, அதே வேலையை மீனுக்குச் செய்கிறார்கள். உறுப்பின் சிறு துண்டை 10% ஃபார்மலினில் போட்டு, அழுகாமல் இருந்த நிலையில் நிறுத்துகிறார்கள். அப்புறம் ஆல்கஹாலில் ஈரத்தை எடுத்து, உருகிய மெழுகில் பதித்து, இறுகியதும் 5 மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. சாயம் ஏற்றினால் செல்லின் கரு ஊதாவாகவும் மற்றதெல்லாம் ரோஜா நிறமாகவும் தெரியும்.

மீன் வாங்கும்போது நாம் முதலில் செவுளைத்தான் தூக்கிப் பார்க்கிறோம், சிவப்பாக இருக்கிறதா என்று. அந்தச் சிவப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை ஸ்லைடில் பார்த்தால் வியப்பாக இருக்கும். செவுளின் ஒவ்வொரு இழையின் இரு பக்கமும் மெல்லிய தகடுகள் சீப்பின் பற்கள் போல வரிசையாக நிற்கும். தகட்டுக்குத் தகடு இடைவெளி, அந்த இடைவெளியில் தண்ணீர். தகட்டுக்குள் ரத்தம் ஓடுகிறது. தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவில் ஓரிரு செல் தடிமனுள்ள தோல் மட்டும்தான், அதாவது சில மைக்ரான். ஆக்சிஜன் உள்ளே வருவதற்காக இவ்வளவு மெலிந்து கொடுத்திருக்கிறது அந்தத் தோல். அதே வழியாகத்தான் நஞ்சும் வருகிறது.

கெட்ட தண்ணீரில் இருந்த மீனின் செவுளில் முதலில் அந்தத் தோல் தகட்டை விட்டுக் கொப்புளம் போல மேலெழும்பும். அடுத்து, தகடுகளின் அடியில் செல்கள் பெருகும். சீப்பின் பற்களுக்கு நடுவே அழுக்கு அடைவது போல இடைவெளி கீழிருந்து நிரம்பிக்கொண்டே வரும். பக்கத்துப் பக்கத்துத் தகடுகள் ஒட்டும். மோசமான இடங்களில் சீப்பே தெரியாது, இழை முழுவதும் ஒரு தடித்த குச்சியாகக் கிடக்கும். சில தகடுகளின் முனையில் ரத்தக்குழாய் உடைந்து பலூன் போல உப்பியிருக்கும்.

இதில் என் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. தோல் தடிப்பது மீன் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. சுவர் தடித்தால் நஞ்சு குறைவாக வரும். ஆனால் ஆக்சிஜனும் குறைவாகத்தான் வரும். கோடையில் தண்ணீர் சுட்டு, கரைந்த ஆக்சிஜன் இறங்கும்போது, செவுள் தடித்த மீன்தான் முதலில் சாகும். கரையில் செத்து ஒதுங்கிய மீன்களைப் பார்த்து, வெயிலில் ஆக்சிஜன் குறைந்து செத்தன என்று சொல்வோம். பொய் இல்லை. ஆனால் அந்த மீன்களை ஏற்கெனவே பாதி மூச்சில் வைத்திருந்தது எது என்ற கேள்வி அத்தோடு மூடப்பட்டுவிடும். செவுளை ஸ்லைடில் பார்த்தால் மட்டுமே அந்தக் கேள்வி திரும்ப எழும்.

ஈரலின் கதை வேறு. உள்ளே வந்த நஞ்சை மாற்றி வெளியேற்றும் வேலை அதனுடையது. பிளாக் ரிவர் சேற்றில் இருந்தது பிஏஎச் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள். தாரிலும் புகையிலும் வாகனக் கரியிலும் இருக்கும் அதே குடும்பம். இவை தண்ணீரில் எளிதில் கரையாது. கரையும்படி மாற்றினால்தான் பித்தநீர் வழியாக வெளியே தள்ள முடியும். அதற்காக ஈரலின் நொதிகள் அவற்றில் ஆக்சிஜனைக் கோக்கின்றன. கோக்கும்போது இடையில் உண்டாகும் சில பொருள்கள் மூலப்பொருளைவிட ஆபத்தானவை, நேராக டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்கின்றன. நஞ்சைக் கழுவும் முயற்சியிலேயே ஈரல் காயப்படுகிறது. ஸ்லைடில் அதை வரிசையாகப் பார்க்கலாம். முதலில் சாயம் மாறி ஏறிய சிறு செல் திட்டுகள், அப்புறம் சாதாரணக் கட்டி, அப்புறம் புற்று. பித்தநாளங்களிலும் இதே வரிசை உண்டு.

சிறுநீரகத்தையும் மண்ணீரலையும் விதைப்பை, சினைப்பைகளையும் இதே முறையில் பார்ப்பார்கள். அவற்றில் விதைப்பைக்குத் தனிக் கதை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

சரி, ஸ்லைடில் பார்த்தது ஒருவரின் கண். இன்னொருவர் பார்த்தால் வேறு மாதிரி சொல்ல மாட்டாரா? இந்தச் சந்தேகம் நியாயமானது. அதனால்தான் மதிப்பெண் முறைகள் வந்தன. அதிகம் பயன்படுவது 1999-இல் சுவிட்சர்லாந்தின் பெர்னே என்பவரும் உடன் ஆய்வாளர்களும் வகுத்தது. ரத்த ஓட்டக் கோளாறு, சிதைவு, பெருக்கம், அழற்சி, கட்டி என்று மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது எவ்வளவு மோசம் என்பதைப் பொறுத்து 1 முதல் 3 வரை ஒரு எடை. திரும்பிச் சரியாகக் கூடியது 1, செல் செத்துப் போனது 3. அது உறுப்பில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு 0, 2, 4, 6 என்று மதிப்பெண். இரண்டையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் அந்த உறுப்புக்கு ஒரு எண் வரும். செவுளில் பலூன் உப்பல் ஓரளவு பரவலாக இருந்தால் 1-ஐ 4-ஆல் பெருக்கி 4. செல் சாவு கொஞ்சம்தான் தெரிகிறது என்றாலும் 3-ஐ 2-ஆல் பெருக்கி 6. அதாவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதைவிட மீள முடியாததற்கே கனம். இது எனக்குச் சரியான நியாயமாகப் படுகிறது. ஆலைக்கு மேலே பிடித்த மீன்களின் எண்ணையும் கீழே பிடித்த மீன்களின் எண்ணையும் இப்போது பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எந்த மீன் எந்த இடத்தது என்று ஸ்லைடு பார்ப்பவருக்குச் சொல்லாமல் வைத்தால் இன்னும் நல்லது.

இந்த முறையை முன்வைக்கிறவர்கள் சில சமயம் மறைத்துப் பேசும் விஷயங்களும் உண்டு. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

முதலாவது, செவுளில் தெரியும் மாற்றங்களில் பெரும்பாலானவை எந்த நஞ்சுக்கும் பொதுவானவை. செம்பு, அம்மோனியா, சோப்பு, பூச்சிமருந்து எது பட்டாலும் தோல் மேலெழும்பும், செல் பெருகும். 1985-இல் ஜான் மல்லட் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து இதைத்தான் சொன்னார். ஆகவே செவுளை வைத்துத் தண்ணீர் கெட்டது என்று சொல்லலாம். கெடுத்தது யார் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு வேதிச்சோதனையும் வேண்டும். ஈரலிலும் பித்தநீரிலும் அந்தப் பொருளின் மிச்சத்தைத் தேட வேண்டும்.

இரண்டாவது, கைத்தவறு. மீன் செத்த சில நிமிடங்களிலேயே செவுள் கெடத் தொடங்கும், அதிலும் தோல் மேலெழும்பும். மண்டையில் அடித்துக் கொன்றால் செவுளின் ரத்தக்குழாய்கள் பலூன் போல உப்பும். நஞ்சின் வேலையையும் நம் கையின் வேலையையும் பிறகு பிரித்துப் பார்ப்பது கடினம். அதனால் உயிரோடு பிடித்த மீனை மயக்கமருந்து கொடுத்துக் கொன்று, உடனே ஃபார்மலினில் போட வேண்டும். சந்தையில் ஐஸில் கிடந்த மீனை வாங்கி வந்து ஸ்லைடு போட்டு, ஆறு கெட்டுவிட்டது என்று எழுதினால் அது ஆய்வில்லை.

மூன்றாவது, நோய். சுவிட்சர்லாந்தின் ஆறுகளில் பிரவுன் டிரவுட் மீன் ஏன் குறைகிறது என்று அறிய 1998 முதல் 2003 வரை பெரிய ஆய்வு நடந்தது. சிறுநீரகம் வீங்கிய மீன்கள் பல இடங்களில் கிடைத்தன. அந்த வீக்கம் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணியின் வேலை. தண்ணீரின் வெப்பம் 15 டிகிரிக்கு மேல் போய் நீடித்தால் மீன்கள் அதில் கொத்தாகச் சாகின்றன. வேதிக்கழிவையும் அந்த ஆய்வு விடவில்லை. ஆனால் நோயும் சூடும் வாழிடக் கேடும் சேர்ந்ததுதான் காரணம் என்று வந்து நின்றது. ஸ்லைடு பார்ப்பவருக்கு ஒட்டுண்ணியை அடையாளம் காணத் தெரியாவிட்டால், அந்தச் சிறுநீரகத்தையும் ஆலைக் கணக்கில் எழுதியிருப்பார்.

இவ்வளவு எச்சரிக்கையும் சொன்ன பிறகு விதைப்பையின் கதைக்கு வருகிறேன். இது எந்தச் சந்தேகத்தையும் தாண்டி நிற்கிறது. இங்கிலாந்தின் ஆறுகளில் ரோச் என்ற மீன் மிகச் சாதாரணம். சூசன் ஜாப்லிங்கும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், சாக்கடை நீரைச் சுத்திகரித்து விடும் நிலையங்களுக்குக் கீழே பிடித்த ஆண் ரோச்களின் விதைப்பைகளைச் சீவிப் பார்த்தார்கள். உள்ளே முட்டைகள் இருந்தன. ஆண் மீனின் விதைத் திசுவுக்கு நடுவில், ரோஜா நிறப் பின்னணியில், உருண்டை உருண்டையாகச் சினைச் செல்கள். சில இடங்களில் பிடித்த ஆண்கள் எல்லாமே இப்படி. வெளியிலிருந்து பார்த்தால் அந்த மீன்களில் ஒரு குறையும் தெரியாது. பளபளப்பாக, கொழுகொழுவென்று இருந்திருக்கும்.

காரணமாகத் தெரிந்தது சுத்திகரிப்பில் தப்பி வரும் பெண்மை ஹார்மோன்கள். மனித உடலிலிருந்து இயற்கையாக வருபவை, கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஹார்மோன், இரண்டும். சரி, ஆணின் விதைப்பையில் நாலு முட்டை இருந்தால் ஆற்றுக்கு என்ன ஆகிவிடும்? கனடாவில் கேரன் கிட் தலைமையிலான குழு இதை நேராகவே சோதித்தது. ஒண்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஒரு ஏரியில் 2001 முதல் மூன்று கோடைகாலம் அந்தச் செயற்கை ஹார்மோனைக் கலந்தார்கள். ஒரு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம். சென்னை நகரத்துக்கு ஒரு நாளில் தரப்படும் குடிநீர் ஏறக்குறைய 100 கோடி லிட்டர். அவ்வளவு தண்ணீரில் 5 கிராம் கரைத்தால் என்ன அளவு வருமோ அதுதான் அந்த ஏரியில் இருந்தது. முதலில் ஸ்லைடில் விதைப்பைகள் மாறின. அப்புறம் குஞ்சுகள் வரவில்லை. ஃபாட்ஹெட் மினோ என்ற சிறு மீன் அந்த ஏரியில் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. ஹார்மோனைக் கலப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆன பிறகுதான் அது திரும்பிப் பெருகியது. ஸ்லைடு முன்கூட்டியே சொன்னதை எண்ணிக்கை பின்னால் வந்து உறுதி செய்தது.

இப்போது பிளாக் ரிவருக்குத் திரும்புவோம். ஆலை மூடி, புற்று 39-லிருந்து 10-க்கு இறங்கியிருந்தது. ஆனால் ஆலைக்கு முன்னால் ஆற்றின் அடியில் பழைய சேறு இன்னும் கிடந்தது. மேலே புது வண்டல் படிந்து அதை மூடிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்துவிட்டால் ஆறு முழுசாகத் தேறிவிடும் என்று 1989, 1990-இல் தூர் வாரினார்கள்.

1992-லும் 1993-லும் மீன் பிடித்துப் பார்த்தபோது ஈரல் புற்று திரும்ப ஏறியிருந்தது. ஆலை மூடுவதற்கு முன் இருந்த நிலைக்கே போயிருந்தது என்று சொல்லலாம். தூர் வாரியபோது கிளம்பிய பழைய நஞ்சு, அப்போது குஞ்சாகவும் இளசாகவும் இருந்த மீன்களின் உடம்பில் ஏறியிருந்தது. நல்லது செய்யப் போன இடத்தில் நடந்தது இது.

1994-இல் திரும்பவும் பார்த்தார்கள். அந்த ஆண்டு 3 வயதான மீன்கள் தூர் வாரி முடித்த பிறகு, 1991-இல் பொரித்தவை. அவற்றில் ஒன்றுக்குக்கூட ஈரல் புற்று இல்லை.

இந்த மூன்று வாக்கியங்களை நான் பலமுறை திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். வயது தெரிந்த மீனின் ஈரல், எந்த ஆண்டில் ஆற்றுக்கு என்ன நடந்தது என்பதை ஆண்டுவாரியாகப் பிரித்துச் சொல்கிறது. தூர் வாரியது தவறா என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. வாராமல் விட்டிருந்தால் அந்தச் சேறு ஒவ்வொரு வெள்ளத்திலும் கிளம்பிக்கொண்டே இருந்திருக்கும். வாரியதால் ஒரு தலைமுறை மீன் அடிபட்டது, அடுத்த தலைமுறை தப்பித்தது. தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் நம்பியிருந்தால் இதில் எதுவுமே தெரிய வந்திருக்காது.

அமெரிக்காவும் கனடாவும் ஈரி உள்ளிட்ட பேரேரிகளுக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தை 1987-இல் திருத்தியபோது, ஒரு நீர்நிலை கெட்டுவிட்டது என்று சொல்ல 14 அடையாளங்களை வகுத்தார்கள். அதில் ஒன்று மீன்களில் கட்டியும் உருக்குலைவும். பென்சில்வேனியாவின் பிரெஸ்க் ஐல் விரிகுடாவை 1991-இல் அப்படிக் கெட்டுப்போன நீர்நிலைகளின் பட்டியலில் சேர்க்க வைத்ததே, புல்ஹெட்களின் உடம்பில் புண்ணையும் கட்டியையும் பார்த்த ஊர்மக்களின் புகார்தான். 2013-இல் அது பட்டியலிலிருந்து நீங்கியது.

நம் நாட்டில் ஆறு கெட்டதா என்பதற்கு முதன்மையான அளவுகோல் பிஓடி. கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்ற கணக்கு. லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் மாசடைந்த பகுதி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-இல் வெளியிட்ட கணக்கில் 279 ஆறுகளில் 311 பகுதிகள் அப்படி இருந்தன. சாக்கடைக்கு இது நல்ல அளவுகோல். ஆனால் பிஓடி அளவு நன்றாக இருக்கும் ஆற்றில் பிஏஎச் இருக்கலாம், ஹார்மோன் இருக்கலாம், சாயக்கழிவின் உலோகம் இருக்கலாம். அந்த எண் அவற்றைப் பிடிக்காது.

மீனைப் பிடித்துப் பார்க்கலாம் என்றால் எந்த மீனை? இன்றைக்குக் கெட்டுப்போன நம் ஏரி, ஆறுகளில் வலை போட்டால் அதிகம் விழுவது ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான். இரண்டும் வெளியிலிருந்து வந்தவை, எதையும் தாங்குபவை. ஆப்பிரிக்கக் கெளுத்தி மேலே வந்து காற்றையே நேரடியாக மூச்சிழுக்கும். அதன் செவுளை வைத்து முடிவு சொல்வதில் கவனம் வேண்டும். விராலுக்கும் அதே கதைதான். என்னைக் கேட்டால், நம் ஆறுகளின் சொந்தச் சிறு கெளுத்திதான் பொருத்தம் என்பேன். சேற்றோடு புழங்குவது, செவுளை நம்பியே வாழ்வது. பிளாக் ரிவருக்கு புல்ஹெட் எப்படியோ, நமக்கு அது.

ஒரே நாளில் கழிவு நின்ற ஆறுகள் நம்மிடமும் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு வரும்வரை. நொய்யலுக்கு அது லொரெய்னின் 1983 மாதிரி ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்துக் கெளுத்தியின் செவுளும் ஈரலும் அருகருகே வைத்துப் பார்க்கக் கிடைத்தால், நீதிமன்ற உத்தரவு ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்று கையில் பிடித்துப் பார்க்கலாம். அடுத்த கோடு எந்த ஆற்றில் எப்போது விழும் என்று நமக்குத் தெரியாது. அதனால் முன்பக்கத்து மீனை இப்போதே எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. பெரிய செலவில்லை. ஒரு இடத்துக்கு இருபது முப்பது மீன், ஃபார்மலின், மெழுகு, பயாப்சி பார்க்கத் தெரிந்த ஒருவரின் சில வாரங்கள்.

மெழுகில் பதித்த திசு பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். ஹார்ஷ்பார்கர், வாஷிங்டனின் ஸ்மித்சோனியனில் 1965-இல் தொடங்கிய விலங்குக் கட்டிகளின் பதிவகம் ஒன்றை நடத்தி வந்தார். மீனும் நண்டும் சிப்பியும் அங்கே மெழுகுக் கட்டிகளாக, எண் போட்டு அடுக்கி வைக்கப்பட்டன. அப்படி வைத்த ஒரு கட்டியை இன்றைக்கு எடுத்தாலும் இன்னொரு 5 மைக்ரான் சீவி, அந்த ஈரலைத் திரும்பப் பார்க்கலாம்.